ஹென்றி கூப்பர்: உலகப் பட்டம் வெல்லாத ஹெவிவெயிட்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

கேட்கப்பட்ட கேள்வி இது: பிரிட்டிஷ் ஹெவிவெயிட் (மிகக் கூடிய எடைப்பிரிவு) குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பர் ஒருமுறைகூட உலகச் சாம்பியன் ஆகவில்லை, அலியிடம் இரண்டு தடவை தோற்றவர். பிரிட்டன்காரர்கள் அவரை ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? 1963இல் கையுறையைக் கிழித்துத்தான் அலியைக் காப்பாற்றினார்கள் என்பது உண்மையா? ஓய்வுக்குப் பிறகு அவர் என்ன ஆனார்?

நடுக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கிழிசல் உண்மை. ஆனால் கூப்பரைத் தோற்கடித்தது அவருடைய புருவத் தோல்தான். அவர் வாழ்க்கையில் நடந்த தோல்விகள் சிலவற்றில் இந்த ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். இன்னொரு காரணம் எடை. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கூப்பர் 1934 மே 3 அன்று லண்டனின் லாம்பெத்தில் பிறந்தார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். கூடப் பிறந்த ஜார்ஜும் குத்துச்சண்டைக்காரர்தான். ஏற்கெனவே ஜார்ஜ் கூப்பர் என்று ஒரு வீரர் இருந்ததால் அவர் 'ஜிம் கூப்பர்' என்ற பெயரில் ரிங்கில் இறங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்குப் பயந்து பிள்ளைகளை லண்டனிலிருந்து வெளியூர்களுக்கு அனுப்பினார்கள் அல்லவா, அப்படிப் போனவர்களில் இந்த இரட்டையரும் உண்டு. தென்கிழக்கு லண்டனின் பெல்லிங்ஹாமில் கவுன்சில் குடியிருப்பில் வளர்ந்தார்கள். வளர்ந்தபின் இருவரும் சுவர்ப் பூச்சு வேலைக்குப் போனார்கள். பகலில் கரணை, சாயங்காலம் கையுறை.

அமெச்சூராக 1952, 1953 இரண்டு வருடமும் லைட்-ஹெவிவெயிட் (ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழான எடைப்பிரிவு) தேசியப் பட்டம் ஹென்றிக்குத்தான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் ஆடினார், சோவியத் வீரர் ஒருவரிடம் தோற்றுத் திரும்பினார். கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டு 1954 செப்டம்பரில் தொழில்முறைக்கு வந்தார். ஜிம் விக்ஸ் என்ற மேனேஜரிடம் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்தார்கள். கடைசிச் சண்டை வரைக்கும் ஹென்றி அவரை விட்டு வேறு யாரிடமும் போகவில்லை. அந்தத் தொழிலில் இது அபூர்வம். ஓல்டு கென்ட் சாலையில் 'தாமஸ் எ பெக்கெட்' என்ற மதுக்கடையின் மாடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடம்தான் பயிற்சிக்களம்.

அவருடைய இடது ஹூக்கைப் (கையை வளைத்துப் பக்கவாட்டில் அடிக்கும் குத்து) பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. லண்டன் பேச்சுவழக்கில் 'ஹ' விழுந்துவிடும், அதனால் ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் 'என்ரிஸ் ஆமர்', அதாவது ஹென்றியின் சுத்தியல். கூப்பர் பிறவியிலேயே இடது கைப் பழக்கம் உள்ளவர். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் வலது கையை முன்னால் வைத்து நிற்பார்கள், பலமான இடது கை பின்னால் இருக்கும். கூப்பர் அப்படி நிற்காமல், வலது கைக்காரர்களைப் போல இடது கையை முன்னால் வைத்து நின்றார். ஆகவே பலமான கை எதிராளிக்குப் பக்கத்திலேயே இருந்தது. குத்து போக வேண்டிய தூரம் குறைவு, வருவதைப் பார்த்து விலக நேரமும் குறைவு. ஜாப் குத்து, அதாவது முன் கையை நேராக நீட்டி விடும் வேகக் குத்து, ஒன்று, இரண்டு என்று முகத்தில் தட்டிக்கொண்டே இருப்பார். மூன்றாவதும் ஜாப்தான் என்று எதிராளி நினைக்கும்போது அது வளைந்து தாடைக்கு வரும்.

ஆனால் தொடக்கம் ஒன்றும் சிவப்புக் கம்பளமாக இல்லை. 1956 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடத்தில் தொடர்ந்து 4 தோல்வி. அவற்றில் காமன்வெல்த் பட்டம், ஐரோப்பியப் பட்டம், பிரிட்டிஷ் பட்டம் மூன்றுக்குமான சண்டைகளும் அடக்கம். ஐரோப்பியப் பட்டத்துக்காக ஸ்டாக்ஹோமில் இங்கெமார் ஜோஹான்சனிடம் 5வது ரவுண்டில் நாக்-அவுட். அந்த ஜோஹான்சன் இரண்டு வருடத்தில் உலகச் சாம்பியன் ஆனார் என்பது வேறு விஷயம். இந்த நிலையில் பலர் பூச்சு வேலைக்கே திரும்பியிருப்பார்கள். கூப்பர் 1958 அக்டோபரில் உலகத் தரவரிசையில் முன்னணியில் இருந்த அமெரிக்கர் ஸோரா ஃபோலியைப் புள்ளிகளில் வென்றார். என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த வெற்றி இதுதான், அலியை விழவைத்த குத்தைவிட. 1959 ஜனவரி 12 அன்று ஏர்ல்ஸ் கோர்ட்டில் பிரையன் லண்டன் என்பவரை 15 ரவுண்டு ஆடி வென்று பிரிட்டிஷ், காமன்வெல்த் பட்டங்களை எடுத்தார். அதன்பிறகு 12 வருடத்துக்கு, நடுவில் ஓர் இடைவெளி தவிர, பிரிட்டனின் ஹெவிவெயிட் சாம்பியன் அவர்தான்.

இங்கே லான்ஸ்டேல் பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் சாம்பியனுக்குத் தரப்படும் பெல்ட் அது. பட்டம் போனால் பெல்ட்டும் போய்விடும். ஆனால் அன்றைய விதிப்படி, பட்டத்துக்கான சண்டைகளில் 3 முறை வென்றால் அது நிரந்தரமாகச் சொந்தம். கூப்பர் 1959இலிருந்து 1967க்குள் பிரையன் லண்டன், எர்ஸ்கின் (மூன்று தடவை), ரிச்சர்ட்சன், மீண்டும் லண்டன், பிரெஸ்காட், போடெல், பில்லி வாக்கர் என்று 9 பட்டச் சண்டைகளை வென்றார். 3 பெல்ட்டுகள் சொந்தமாயின. வேறு யாருக்கும் 3 கிடைத்ததில்லை. இந்த 3 பெல்ட்டுகளும் பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.

இப்போது 1963 ஜூன் 18, வெம்ப்ளி ஸ்டேடியம். எதிரில் 21 வயது கேஷியஸ் கிளே, இன்னும் முகமது அலி ஆகவில்லை. தோல்வியே காணாதவர். தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு ரிங்குக்கு வந்தார். 5வது ரவுண்டில் கூப்பர் விழுவார் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். கிளேயின் எடை சுமார் 94 கிலோ, கூப்பருக்கு 84 கிலோ. 10 கிலோ வித்தியாசம். கூப்பர் முதல் ரவுண்டிலிருந்தே நெருங்கிப்போய் அடித்தார், கிளேயின் மூக்கில் ரத்தம் வந்தது. ஆனால் 3வது ரவுண்டிலேயே கூப்பரின் இடது கண் மேல் வெட்டு விழுந்துவிட்டது. கிளே கையைத் தொங்கப்போட்டு விளையாட ஆரம்பித்தார், 5வது ரவுண்டு வரை இழுக்க வேண்டுமே!

4வது ரவுண்டு முடியச் சில வினாடிகள்தான் பாக்கி. கிளே பின்னால் நகர்ந்து நகர்ந்து கயிற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். கூப்பர் ஜாப் போட்டுக்கொண்டே வந்தார். இடது ஹூக் நேராகத் தாடையில் இறங்கியது. கிளே கயிற்றில் சரிந்து உட்கார்ந்தார். கயிற்றில் முதுகு பட்டதால் தலை தரையில் மோதவில்லை, அது அவருடைய முதல் அதிர்ஷ்டம். எழுந்து நின்றதும் மணி அடித்தது, அது இரண்டாவது. கண்ணில் பார்வை நிலைக்கவில்லை என்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ ஓடிப்போய்ப் பிடித்து ஸ்டூலுக்குக் கொண்டுவந்தார்.

டண்டீ அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு வேலை செய்தார். மயக்கம் தெளிய வைக்கும் நெடி உப்பை மூக்கடியில் காட்டினார். பிரிட்டிஷ் விதிப்படி அது கூடாது, தண்ணீர் மட்டும்தான் அனுமதி. அடுத்து, கிளேயின் கையுறைத் தையலில் முன்பே ஒரு சிறு பிரிவு இருந்தது. அதை விரலால் கொஞ்சம் பெரிதாக்கி நடுவரிடம் காட்டினார். இதை டண்டீயே பின்னாளில் ஒப்புக்கொண்டவர்தான். மாற்றுக் கையுறை அங்கே இல்லை. பிறகு கதை வளர்ந்தது: மூன்று நிமிடம் தாமதம், ஐந்து நிமிடம் தாமதம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. கூப்பரே பல பேட்டிகளில் நிமிடக் கணக்கில்தான் சொல்வார். ஆனால் வெட்டாத படத்தை வைத்து நேரம் பார்த்தால், வழக்கமான இடைவேளையைவிடச் சில வினாடிகள்தான் அதிகம்.

ஆகவே கிளேக்குக் கிடைத்தது சில வினாடி ஓய்வும், விதிக்குப் புறம்பான நெடி உப்பும். இரண்டாவதைத்தான் நான் பெரிய குற்றமாகச் சொல்வேன், ஆனால் கதையில் அது பின்னுக்குப் போய்விட்டது. 5வது ரவுண்டு தொடங்கியதும் கிளே விளையாட்டை விட்டுவிட்டு வெட்டைக் குறிவைத்தே அடித்தார். கூப்பரின் முகம் முழுக்க ரத்தம். நடுவர் டாமி லிட்டில் சண்டையை நிறுத்தினார். சொன்னபடி 5வது ரவுண்டு. அடுத்த பிப்ரவரியில் கிளே, சன்னி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியன்.

புருவத் தோல் ஏன் அப்படி? சிலருக்குக் கண்ணுக்கு மேலுள்ள எலும்பு கூர்மையாகத் துருத்திக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து குத்து விழும்போது தோல் உள்ளே அந்த எலும்பின் விளிம்பில் அழுந்திக் கிழியும். ஆறிய இடத்தில் தழும்புத் தோல் மெலிந்து நிற்கும், அடுத்த முறை அதே இடம் இன்னும் சுலபமாகக் கிழியும். கூப்பரின் கார்னரில், அதாவது இடைவேளையில் அவரைக் கவனிக்கும் குழுவில், டேனி ஹாலண்ட் என்பவரின் முழு வேலையும் இதுதான். அட்ரினலின் கலந்த வாஸ்லினை வெட்டில் திணித்து ஒரு நிமிடத்துக்குள் ரத்தத்தைக் கட்டுவார். அந்தக் கலையில் அவர் கெட்டிக்காரர். அவரும் இல்லையென்றால் கூப்பரின் தோல்விப் பட்டியல் இன்னும் நீளும்.

எடை விஷயமும் இங்கே வருகிறது. அன்றைக்கு லைட்-ஹெவிவெயிட்டின் உச்சவரம்பு 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ. அதற்கு ஒரு பவுண்டு கூடினாலும் ஹெவிவெயிட்தான், எதிரில் 100 கிலோ ஆள் வந்தாலும் சண்டை போட வேண்டியதுதான். இன்று நடுவில் க்ரூஸர்வெயிட் என்று ஒரு பிரிவு உண்டு, 200 பவுண்டு வரை, சுமார் 91 கிலோ. 84, 85 கிலோ கூப்பர் இந்தக் காலத்தில் இருந்திருந்தால் அந்தப் பிரிவில் ஆடியிருப்பார். உலகப் பட்டமும் எடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஜிம் விக்ஸுக்கும் இது தெரியும். லிஸ்டனோடு சண்டைப் பேச்சு வந்தபோது, ரிங்கில் மட்டுமில்லை, தெருவில்கூட அந்த ஆளை எதிரே பார்க்க விரும்பவில்லை என்று சொல்லித் தட்டிக் கழித்தார்.

அலியோடு இரண்டாவது சண்டை 1966 மே 21, ஆர்சனல் கால்பந்து அணியின் ஹைபரி மைதானத்தில். 1908க்குப் பிறகு பிரிட்டன் மண்ணில் நடந்த முதல் உலக ஹெவிவெயிட் பட்டச் சண்டை. வியட்நாம் போருக்கு எதிராகப் பேசியதால் அமெரிக்காவில் அலிக்கு மேடை கிடைக்காத நேரம். டொரொண்டோ, லண்டன், ஃபிராங்ஃபர்ட் என்று வெளிநாடுகளில் ஆடிக்கொண்டிருந்தார். 46,000 பேர் வரை கூடியதாகச் சொல்வார்கள். இந்த முறை அலி எச்சரிக்கையாக இருந்தார். கூப்பர் கிட்டே வந்தாலே கட்டிப்பிடித்துவிடுவார், ஹூக்குக்கு இடமே தரவில்லை. 6வது ரவுண்டில் மறுபடியும் புருவம் கிழிந்தது, முன்னைவிட ஆழமாக. முடிந்தது. அதே வருடம் செப்டம்பரில் ஃபிளாய்ட் பேட்டர்சனிடம் 4வது ரவுண்டில் நாக்-அவுட். வயது 32. எல்லோரும் அவ்வளவுதான் என்றார்கள்.

அதற்கு மேல்தான் அவருடைய நல்ல காலம். 1967இல் போடெல், பில்லி வாக்கர் இருவரையும் வீழ்த்தினார். அந்த வருடம் பிபிசியின் சிறந்த விளையாட்டு வீரர் விருது, 1970இல் மறுபடியும். அந்த விருதை இரண்டு முறை வாங்கிய முதல் ஆள் அவர். 1968இல் ஜெர்மனியின் கார்ல் மில்டன்பெர்கரிடமிருந்து ஐரோப்பியப் பட்டம். 1969 மார்ச்சில் ரோமில் பியரோ தொமசோனி இடுப்புக்குக் கீழே குத்தி அவரைச் சுருண்டு விழவைத்தார். எழுந்து 5வது ரவுண்டில் அந்த ஆளை நாக்-அவுட் செய்தார்.

அந்த வருடமே பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தோடு தகராறு. அமெரிக்கர் ஜிம்மி எல்லிஸிடம் உலகப் பட்டத்தில் பாதி இருந்தது, அதாவது டபிள்யூ.பி.ஏ. (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) அமைப்பின் பட்டம். அவரோடு மோதக் கூப்பர் தயார். ஆனால் அந்த அமைப்பை அங்கீகரிக்காத பிரிட்டிஷ் வாரியம், 15 ரவுண்டு உலகப் பட்டச் சண்டையாக அதை ஏற்க மாட்டோம் என்றது. கோபத்தில் கூப்பர் பிரிட்டிஷ் பட்டத்தையே திருப்பிக் கொடுத்தார். கடைசியில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, எல்லிஸ் சண்டை நடக்கவே இல்லை. (1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை ஆடினாரே, அன்று எதிரில் நின்றவர் இதே எல்லிஸ்தான்.) 1970 மார்ச்சில், காலியான பிரிட்டிஷ் பட்டத்தை இடையில் பிடித்திருந்த போடெலிடமிருந்து கூப்பர் அதைத் திரும்ப எடுத்தார்.

கடைசிச் சண்டை 1971 மார்ச் 16, வெம்ப்ளி. எதிரில் ஜோ பக்னர், ஹங்கேரியில் பிறந்து சிறுவயதில் பிரிட்டனுக்கு வந்தவர், 21 வயது முடிந்து மூன்றே நாள். கூப்பருக்கு 37 நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் பிரிட்டனில் மூன்று ஜட்ஜ் கிடையாது. ரிங்குக்குள் நிற்கும் நடுவர் ஒருவரே மதிப்பெண்ணும் போடுவார். ஒரு ரவுண்டை வென்றவருக்கு 5, தோற்றவருக்குக் கால் புள்ளி குறைவு. 15 ரவுண்டு முடிந்ததும் நடுவர் ஹாரி கிப்ஸ் பக்னரின் கையைத் தூக்கினார். மதிப்பெண் 73¾க்கு 73½. ஒரே ஒரு ரவுண்டு வித்தியாசம். பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பியப் பட்டங்கள் மூன்றும் அந்தக் கால் புள்ளியில் போயின. அரங்கம் கூச்சல் போட்டது. கூப்பர் அன்றோடு ஓய்வு பெற்றார். மொத்தம் 55 சண்டை, 40 வெற்றி, 14 தோல்வி, 1 சமன். கிப்ஸோடு பல வருடம் பேச்சே இல்லை. பிறகு ஒரு நற்காரியத்துக்காகத்தான் கை குலுக்கினார். பொதுவெளியில் எப்போதும் சிரித்த முகமாக இருந்த மனிதர் விடாமல் பிடித்து வைத்திருந்த ஒரே வன்மம் இதுதான் போலும்.

ஓய்வுக்குப் பிறகு? குத்துச்சண்டை நடக்கும்போதே வெம்ப்ளியில் காய்கறிக் கடை ஒன்று வைத்துப் பார்த்தார், நடக்கவில்லை. டிவி கைகொடுத்தது. பிபிசியின் 'எ கொஸ்டின் ஆஃப் ஸ்போர்ட்' வினாடி வினாவில் அணித் தலைவர். 'புரூட்' ஆஃப்டர்ஷேவ் விளம்பரத்தில் மூக்கு நசுங்கிய இந்த முகம் வாசனை விற்றது, நாடு முழுக்க அவரைக் குத்துச்சண்டை பார்க்காதவர்களுக்கும் தெரிந்தது. வானொலி வர்ணனையில் ரவுண்டுகளுக்கு நடுவே கருத்துச் சொல்வார். வயதானபின் முதியவர்களுக்கான ஃப்ளூ ஊசிப் பிரசாரத்திலும் வந்தார். கால்ஃப் பிடித்துப்போய், தர்மகாரியங்களுக்கு நிதி திரட்டும் கால்ஃப் போட்டிகளில் ஓயாமல் கலந்துகொண்டார். 1978இல் போப்பாண்டவரின் நைட் பட்டம் கிடைத்ததற்கு இந்தப் பணிகள்தான் காரணம். அவர் கத்தோலிக்கரானது மனைவிக்காக. அல்பினா இத்தாலிய மலைக்கிராமத்துப் பெண், லண்டன் சோஹோவில் உறவினர் நடத்திய உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர். விக்ஸ் வழக்கமாகச் சாப்பிடும் கடை அது. 1960இல் கல்யாணம், இரண்டு மகன்கள். அல்பினாவுக்குக் குத்துச்சண்டை பிடிக்கவே பிடிக்காது.

பிறகு லாயிட்ஸ். லண்டனின் அந்தப் பெயர்பெற்ற காப்பீட்டுச் சந்தையில் வசதியுள்ள தனிமனிதர்கள் 'நேம்ஸ்' என்ற பெயரில் பங்கேற்பார்கள். லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் வரம்பே இல்லை, சொந்தச் சொத்தை விற்றாவது கட்ட வேண்டும். 80களின் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் நோய் வழக்குகள், எண்ணெய்க் கிணற்று விபத்து என்று இழப்பீடுகள் வந்து குவிந்தன, ஆயிரக்கணக்கான 'நேம்ஸ்' நொடித்துப்போனார்கள். கூப்பரும் மாட்டிக்கொண்டார். 1993இல் அந்த 3 லான்ஸ்டேல் பெல்ட்டுகளையும் ஏலத்துக்கு விட்டார். மூன்றும் சேர்ந்து 42,000 பவுண்டுக்குப் போயின. 9 பட்டச் சண்டைகளின் கூலி. அவர் அதைப் பற்றி ஊரைக் கூட்டிப் புலம்பவில்லை, வேலையைத் தொடர்ந்தார். என்னைக் கேட்டால் மக்களின் பிரியம் பன்மடங்கு ஆனது இந்த இடத்தில்தான். 2000இல் 'சர்' பட்டம் கொடுத்தார்கள். நைட் பட்டம் பெற்ற முதல் குத்துச்சண்டை வீரர்.

ஆக, ஏன் கொண்டாடுகிறார்கள் என்றால்: அலியை விழவைத்தவர் என்பது ஒரு காரணம்தான். அலியை வேறு சிலரும் விழவைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அவரவர் நாட்டில் இந்த இடம் இல்லை. பூச்சு வேலைக்காரப் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர், தோற்றால் சாக்குச் சொல்லாதவர் (கையுறைக் கதையும் கிப்ஸும் நீங்கலாக!), ஒரே மேனேஜர், ஒரே மனைவி. உழைக்கும் வர்க்கத்து லண்டன்காரன் தன் வீட்டு ஆளாகப் பார்த்தான். அலிக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. அந்தக் குத்து ஆப்பிரிக்காவிலிருக்கும் என் மூதாதையருக்கே வலித்திருக்கும் என்று அலி வேடிக்கையாகச் சொன்னது பிரிட்டனில் இன்றும் சொல்லப்படுகிறது.

2008இல் அல்பினா மாரடைப்பில் போனார். 2010இல் இரட்டைச் சகோதரர் ஜார்ஜும் போய்விட்டார். 2011 மே 1 அன்று, 77வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, சர்ரே மாவட்டம் ஆக்ஸ்டெடில் மகன் வீட்டில் ஹென்றி கூப்பர் காலமானார்.

சண்டைகளைப் பார்க்க விரும்பினால் 1963 படத்தை 4வது ரவுண்டின் நடுவிலிருந்து வெட்டில்லாமல் பாருங்கள், இடைவேளைக்குக் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். பக்னர் சண்டையைப் பார்ப்பதானால் வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிட்டு, ஒரு தாளில் ரவுண்டு ரவுண்டாக நீங்களே மதிப்பெண் போடுங்கள். வர்ணனையாளர் ஹாரி கார்ப்பெண்டர் கூப்பர் பக்கம் சாய்ந்தே பேசுவார், அது கண்ணை மறைக்கும். என் தாளில் கூப்பர் ஒரு ரவுண்டு முன்னே இருந்தார். ஆனால் நடு ரவுண்டுகளில் இரண்டை எந்தப் பக்கமும் கொடுக்கலாம், ஆகவே கிப்ஸை அயோக்கியர் என்று சொல்ல என்னால் முடியாது.